தொட்டுக்கொள்ளாத தம்பதியர் மீண்டும் தொடங்குவது எப்படி: பரிசோதனை, செலவு, நாட்கணக்கு

என் மகள் பிறந்து இரண்டரை ஆண்டுகள் வரை, நானும் என் கணவரும் ஒருவர் மேல் ஒருவர் கை படாமலேயே ஒரே வீட்டில் வாழ்ந்தோம். சண்டை எதுவும் இல்லை. அவர் இரவு ஷிப்டு முடிந்து காலை ஏழரை மணிக்கு வருவார். நான் எட்டேகாலுக்கு வேலைக்குக் கிளம்புவேன். டிபன் தட்டை நீட்டும்போது விரல்கூட உரசாமல் வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தோம். அந்த நிலையிலிருந்து வெளியே வர 14 மாதங்கள் ஆயின. அவற்றில் ஒன்பது மாதங்களும், செலவான ஏறக்குறைய 22,000 ரூபாயில் பாதிக்கு மேலும் தவறான வழியில் போயின. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிந்திருக்கும் வேலை இது. கோயம்புத்தூரில் ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில், மாமியாரோடும் குழந்தையோடும் இருந்துகொண்டு நாங்கள் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். புதிதாகத் திருமணமாகி, தொடுவதற்கே கூச்சப்படும் நிலையில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. தொடுதலையும் உடலுறவையும் பிரித்து எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்புறம், எதையும் எதிர்பார்க்காத தொடுதல்களை எழுதுங்கள்: வண்டியில் போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வது, தலைக்கு எண்ணெய் தேய்ப்பது, கால் அமுக்குவது, வேலைக்குக் கிளம்பும்போது ஒரு அணைப்பு, டிவி பார்க்கும்போது தோளில் சாய்வது. வலப்புறம், உடலுறவுக்கு அழைப்பாக உங்கள் வீட்டில் புரிந்துகொள்ளப்படும் தொடுதல்களை எழுதுங்கள். இருவரும் தனித்தனியே எழுதிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். நாங்கள் ஒப்பிட்டபோது, அவர் இடப்புறம் எழுதிய ஏழில் ஐந்தை நான் வலப்புறம் எழுதியிருந்தேன். அவர் தோளில் கை வைத்தாலே நான் இறுகிப்போனதற்கும், நான் இறுகுவதைப் பார்த்து அவர் கை வைப்பதையே விட்டுவிட்டதற்கும் காரணம் அந்தப் பக்கத்தில் இருந்தது.

ஆய்வுகள் நன்மை கண்டவற்றில் பல இந்த இடப்புறத் தொடுதல்கள்தான். அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், மேடையில் பேசுவதற்கு முன் தன் துணையுடன் பத்து நிமிடம் கைகோத்து அமர்ந்து, பிறகு 20 வினாடி அணைத்துக்கொண்டவர்களுக்கு, அப்படிச் செய்யாதவர்களைவிட ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் குறைவாகவே ஏறின. ஜேம்ஸ் கோனும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று காத்திருந்த 16 மணமான பெண்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது, அச்சுறுத்தலுக்கு எதிர்வினை காட்டும் பகுதிகள் அடங்கியிருந்தன. மண வாழ்க்கையில் நிறைவு அதிகம் என்று சொன்ன பெண்களுக்கு அந்த அடக்கம் கூடுதலாக இருந்தது. 2008-இல் 34 தம்பதியரை வைத்து நடந்த நான்கு வார ஆய்வில், இதமாகத் தொடும் பயிற்சி பெற்ற தம்பதியருக்கு, நெருக்கத்தோடு தொடர்புடைய ஹார்மோனான ஆக்ஸிடோசின் கூடியது; கணவர்களின் 24 மணி நேர ரத்த அழுத்தத்தில் மேல் அளவு குறைந்தது.

இவை சிறிய எண்ணிக்கைகள். மாத்திரைக்குப் பதிலாகத் தொடுதல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் செலவில்லாத, பக்கவிளைவில்லாத ஒன்றைத் தொடங்க இந்த அளவு சான்று எனக்குப் போதுமானதாக இருந்தது.

2. முதலில் உடலைப் பரிசோதியுங்கள்

எங்கள் ஒன்பது மாத வீணுக்கு முதன்மைக் காரணம், இந்தப் படியைத் தாண்டிப் போனதுதான். தொட விருப்பமில்லை என்றால் அன்பு இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். உண்மையில் எனக்குத் தைராய்டு குறைந்திருந்தது. அவருக்குச் சர்க்கரை தொடங்கியிருந்தது. இரண்டும் எங்களுக்குத் தெரியாது. பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு மாறுவது அரிதன்று. சோர்வு, மனச்சோர்வு, விருப்பக் குறைவு எல்லாம் அதனால் வரலாம். பாலூட்டும் காலத்தில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பில் வறட்சியும் உறவின்போது வலியும் வரலாம். வலி வந்த உடல் அடுத்த முறை தானாகவே விலகிக்கொள்ளும். நாள் முழுவதும் கைக்குழந்தையைச் சுமந்த பெண்ணுக்கு, இரவில் வேறு எந்தக் கையும் மேலே பட வேண்டாம் என்று தோன்றுவதும் இயல்பு. ஆண்களுக்குச் சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றாலும், சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகளாலும், மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளாலும் விறைப்போ விருப்பமோ குறையலாம். அந்தக் கூச்சத்தில் அவர்கள் சாதாரண அணைப்பையும் தவிர்க்கத் தொடங்குவார்கள். விறைப்புக் குறைவு சிலருக்கு இதய நோயின் முன்னறிகுறி என்பதால், அதை மறைத்து வைப்பது ஆபத்து.

எடுத்துச் செல்ல வேண்டியவை: இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் (பெயரைச் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது நல்லது), பிரசவமான பெண் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, கடந்த ஓராண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், கடைசி மாதவிடாய்த் தேதி, மருந்து ஒவ்வாமை இருந்தால் அதன் விவரம். இவற்றோடு ஒரு அரைப்பக்கத் தாளும் தேவை. எப்போதிலிருந்து, எது மாறியது, வலி உண்டா, தூக்கம் எத்தனை மணி நேரம் என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். அறைக்குள் போனதும் எனக்கு வாய் வரவில்லை. மருத்துவர் நிமிர்ந்து பார்த்ததும் "தலைவலி" என்று சொல்லிவிட்டேன். பிறகு தாளை மேசைமேல் வைத்துத் தள்ளினேன். அவர் படித்துவிட்டு, அதுபற்றி ஒரு வார்த்தை பேசாமல், பரிசோதனைச் சீட்டை எழுதினார்.

யாரிடம் போவது என்றால், பொது மருத்துவரிடமே தொடங்குங்கள். வலி இருக்கும் பெண் நேராக மகப்பேறு மருத்துவரிடம் போகலாம். பரிசோதனை நேரங்களைக் கவனியுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை கேட்டால் காலையிலேயே ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு முறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் மீண்டும் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வார்கள். இரவு ஷிப்டில் இருப்பவர் அதை லேபில் சொல்லாமல் இருக்கக் கூடாது. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது முடிவைத் தவறாகக் காட்டக்கூடும்.

எங்களுக்கு ஆன செலவு: மருத்துவர் கட்டணம் தலைக்கு 400, மறுபார்வைக்கு 400, என் பரிசோதனைகள் 650, அவருடையவை 900, தைராய்டு மறுபரிசோதனை 350 ரூபாய். தைராய்டு மாத்திரை மாதத்துக்கு நூறு ரூபாயைத் தாண்டவில்லை. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுப் போட்டால் மருத்துவரும் அடிப்படைப் பரிசோதனைகளும் இலவசம்; காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், காப்பிக்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிட வேண்டும்; இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். டோஸ் சரிதானா என்று பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஏற்கெனவே சாப்பிடும் எந்த மாத்திரையையும், அதுதான் காரணம் என்று தோன்றினாலும், நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று கேளுங்கள்.

3. போகக் கூடாத இடங்கள்

சுவரொட்டியிலும் நள்ளிரவு டிவி விளம்பரத்திலும் "தாம்பத்தியக் குறை தீர" என்று வருபவர்களிடம் போகாதீர்கள். மாதம் ஒரு தேதியில் ஊருக்கு வந்து லாட்ஜில் அறை எடுத்து முகாம் நடத்துபவர் ஒருவரிடம் என் கணவர் எனக்குத் தெரியாமல் போயிருந்தார். நாடி பிடித்துவிட்டு, பரிசோதனை எதுவும் கேட்காமல், "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி 11,500 ரூபாய்க்குப் பொடியும் லேகியமும் கொடுத்தார். ரசீது இல்லை; டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்ற விவரமும் இல்லை. எட்டு மாதம் அதைச் சாப்பிட்டார்; அந்த எட்டு மாதமும் அவருடைய சர்க்கரை யாருக்கும் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தது. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்கள், அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள சித்தப் பிரிவுக்குப் போகலாம். அங்கே பதிவு பெற்ற மருத்துவர் இருப்பார், சீட்டும் இருக்கும்.

உறவினர் பஞ்சாயத்தும் வேண்டாம். நல்லெண்ணத்தில் கேட்பவர்கள்கூட, அடுத்த விசேஷத்தில் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

4. இடத்தையும் நேரத்தையும் ஒதுக்குங்கள்

ஹாலில் மாமியார், கட்டிலில் நடுவே குழந்தை என்ற வீட்டில் "நேரம் ஒதுக்குங்கள்" என்ற அறிவுரைக்குப் பொருளே இல்லை. ஆகவே வீட்டின் நடமாட்டத்தை ஒரு வாரம் கவனித்து, யாரும் குறுக்கே வராத பத்து நிமிடங்களைத் தேடுங்கள். எங்களுக்கு அது மாலை ஆறரை மணி: அத்தை குழந்தையைக் கூட்டிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் நேரம், அவர் ஷிப்டுக்குக் கிளம்பும் முன். அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. 180 ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் போட்டோம். நான் செலவழித்ததிலேயே அதிகப் பலன் தந்தது அந்தத் தாழ்ப்பாள்தான்.

குழந்தையைக் கட்டிலின் ஓரத்துக்கு மாற்றுவதற்குப் பத்து இரவுகள் ஆகும். அழுகையைக் கண்டு மூன்றாம் நாளே கைவிட்டுவிடாதீர்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

5. நான்கு வாரப் பயிற்சி

இந்த நான்கு வாரமும் உடலுறவு கிடையாது என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். பாலியல் சிகிச்சையில் பல ஆண்டுகளாகக் கையாளப்படும் முறை இது. அடுத்து என்ன என்ற பதற்றம் போனால்தான் உடல் தளரும்.

முதல் வாரம், கை மட்டும். தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் பேச எதுவும் இருக்காது, பரவாயில்லை. பிறகு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மெதுவாக வருடுங்கள். இதில் வேகம் முக்கியம். நம் தோலில் மென்மையான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால்தான் அவை நன்றாகத் தூண்டப்படும். முன்கை சுமார் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதைக் கடக்க ஏழெட்டு வினாடி ஆக வேண்டும். என் கணவர் முதல் நாள் கையிலிருந்து தூசி தட்டுவதுபோல் தடவினார். "மெதுவாங்க, எட்டு எண்ணுங்க" என்றேன். அவர் உதடசைத்து எண்ணிக்கொண்டே வருடினார்; ஐந்தாவது சுற்றில், காதுவரை ஏறியிருந்த என் தோள்கள் தானாகக் கீழே இறங்கியதை அவர்தான் முதலில் பார்த்துச் சொன்னார்.

இரண்டாம் வாரம், கழுத்தும் தோளும். ஒரு நாள் அவர் உங்களுக்கு, மறுநாள் நீங்கள் அவருக்கு. துணை கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்ட பெண்களுக்கு, பிறகு வந்த மன அழுத்தச் சோதனையில், அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் குறைவாகவே ஏறியதாக 2007-இல் சூரிக் ஆய்வாளர்கள் கண்டார்கள். வெறும் வாய்ச்சொல் ஆறுதலுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கைகொடுத்தது ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயைச் சூடாக்கி உச்சந்தலையில் வைத்துத் தேய்த்துவிடும்போது, கூச்சப்படுவதற்கு இடமே இல்லை. வீட்டில் யார் பார்த்தாலும் கேள்வி எழாது என்பது கூட்டுக் குடும்பத்தில் பெரிய வசதி.

மூன்றாம் வாரம், அணைப்பு. கிளம்பும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, ஒவ்வொன்றும் 20 வினாடி. நாமாகச் செய்யும் அணைப்பு இரண்டு மூன்று வினாடியில் முடிந்துவிடும் என்பதால், எண்ணிப் பழகுங்கள். மனத்தாங்கல் இருந்த நாளில் இதை விட்டுவிடாதீர்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 404 பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், யாரிடமிருந்தாவது அடிக்கடி அணைப்புப் பெற்றவர்களுக்கு, பிணக்குகள் மிகுந்த காலத்திலும், சளிக் கிருமி தொற்றும் வாய்ப்பு கூடவில்லை. ஆனால் சண்டையைப் பேசித் தீர்ப்பதற்குப் பதிலாக அணைத்து மூடுவது தவறு. அணைப்புக்குப் பிறகும் பேச வேண்டியது இருக்கும்.

நான்காம் வாரம் முந்தைய மூன்றையும் கலந்து, உங்களுக்கு விருப்பமானதைச் செய்யுங்கள். முத்தம் இந்த வாரத்தில் வரட்டும். வலப்புறப் பட்டியலுக்கு எப்போது போவது என்பதை நாட்காட்டி முடிவு செய்யக் கூடாது; இருவருக்கும் தோன்ற வேண்டும். எங்களுக்கு ஒன்பதாவது வாரம் ஆயிற்று.

6. "வேண்டாம்" என்பதற்கு ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள்

மறுக்க முடியாத இடத்தில் தொடுதல் நன்மை தராது. மறுப்பு அவமானமாகப் படாதபடி முன்கூட்டியே ஒரு வாக்கியத்தை முடிவு செய்யுங்கள். நாங்கள் வைத்துக்கொண்டது: "இன்னிக்குக் கை மட்டும்." இதைக் கேட்டவர் காரணம் கேட்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. இளம் வயதில் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் இருக்கிறார்கள். தொட்டாலே அசௌகரியமாக உணரும் இயல்புள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்சி என்ற பெயரில் கட்டாயப்படுத்தாதீர்கள். ஏழாம் படிக்குப் போங்கள்.

அடி, மிரட்டல், விருப்பமில்லாத உடலுறவு ஆகியவை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானதன்று. பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் கொடுமையையும் குடும்ப வன்முறையாகவே கணக்கிடுகிறது. அந்த வீட்டில் முதலில் வேண்டியது பாதுகாப்பு.

7. ஆலோசகரிடம் போவது

மருத்துவம் முடிந்து, நான்கு வாரமும் முயன்று, இன்னும் இறுக்கம் இருந்தால் போங்கள்; மனச்சோர்வு கடுமையாக இருந்தால் காத்திருக்காமல் முன்பே போங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும்; முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள், நல்லவர்கள் தயங்காமல் சொல்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள், இலவசம்.

இரண்டாம் படியில் சொன்ன ஃபைலையும், முதல் படியில் எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எங்களுடைய முதல் அமர்வு அந்த நோட்டை வைத்தே நடந்தது. இல்லாவிட்டால் கதை சொல்லவே இரண்டு அமர்வு போயிருக்கும். 50 நிமிடத்துக்கு 1,200 ரூபாய், ஆறு அமர்வுகள், மொத்தம் 7,200. வாராவாரம் போகாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனோம். இடையில் பழகிப் பார்க்க நேரம் வேண்டும். முதல் நாளே பத்து அமர்வுக்குப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். சொன்னது வெளியே போகுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது.

ஒருவர் வர மறுத்தால் மற்றவர் தனியாகவே தொடங்கலாம். என் கணவர் மூன்றாவது அமர்வுக்குத்தான் வந்தார். முதல் இரண்டிலும் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

8. எப்போது திரும்பப் பார்ப்பது

ஆறாவது வார முடிவில் இருவரும் மூன்று கேள்விகளுக்கு எழுதி பதில் சொல்லுங்கள்: தூக்கம் எப்படி இருக்கிறது, எதற்கு எரிச்சல் வருகிறது, எந்தத் தொடுதலை எதிர்பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டிலேயே அளந்து, அதே நோட்டில் தேதியுடன் குறித்துவைத்தால் மருத்துவருக்கு உதவும். சர்க்கரைக்கு எச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் மாற்றம் முழுதாகத் தெரியாது.

நடுவில் விட்டுப்போகும். ஐந்தாவது மாதத்தில் மகளுக்கு ஒன்பது நாள் காய்ச்சல் நீடித்தது. அதையடுத்து அவருக்குத் தொடர்ந்து இரண்டு வாரம் ஓவர்டைம். மாலை ஆறரை மணியே எங்களுக்கு இல்லாமல் போயிற்று. பழையபடி டிபன் தட்டை உரசாமல் வாங்கியதை நான்தான் கவனித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் அவர் பின்னால் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை முதல் வாரப் பட்டியலிலிருந்து, கை மட்டும், மீண்டும் எண்ணத் தொடங்கினோம்.